இருளை எண்ணும் செடி

டொராண்டோ மாநகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் தமிழர் வாழும் வீடுகளில் ஐப்பசி நெருங்கும்போது ஒரு குடிபெயர்ச்சி நடக்கும். கோடை முழுதும் பின்முற்றத்தில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வருவார்கள். உறைபனி ஓர் இரவு தீண்டினாலும் இலை கருகிவிடும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். ஆயினும் உள்ளே வந்த செடியும் செழிப்பதில்லை. சன்னலோரம் நின்றபடியே மார்கழிக்குள் இலையுதிர்த்துக் குச்சியாகும். அதன் பின்னரே வீட்டார் விளக்குத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே வகைவகையான விளக்குகளும், உட்புறம் வெள்ளிபோல் மின்னும் துணிக்கூடாரங்களும், காற்றாடிகளும், உருளை வடிவக் கரிவடிகட்டிகளும், ஊட்டக் கரைசல் புட்டிகளும் அடுக்கடுக்காக நிற்கும். கறிவேப்பிலைக்கு இத்தனை தளவாடமா என்று திகைப்பவர்க்கு விடை எளிது. இக்கடைகளைப் பெருக்கியது வேறொரு செடி. நெடுங்காலம் அதன் பெயரை விற்பவரும் சொன்னதில்லை, வாங்குபவரும் சொன்னதில்லை. 'தக்காளி' என்றே பேசிக்கொண்டார்கள். அது கஞ்சா.

இப்போது அங்கே அந்தப் பூடகம் தேவையில்லை. கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது; அகவை நிரம்பியவர் ஒரு வீட்டுக்கு நான்கு செடிவரை வளர்க்கலாம் என்கிறது. கியூபெக் மாநிலம் அதையும் தடுத்தது. அத்தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. செருமனி 2024 ஏப்ரல் முதல் அகவை நிரம்பிய ஒருவருக்கு மூன்று செடி என வரையறுத்தது. இந்தியாவில் நிலை முற்றிலும் வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இங்கே உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பதும் பத்தாண்டுவரை சிறைக்குரிய குற்றம். ஆகவே இக்கட்டுரை எவரையும் பயிரிட அழைக்க வந்ததன்று. கூரையின்கீழ் ஒரு செடியை வாழவைப்பதற்கு எந்தெந்த இயற்கை விதிகளை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். அதற்குக் கஞ்சாவைப்போல் வாய்த்த சான்று வேறில்லை. அந்த விதிகளுள் ஒன்றை மாந்தர்க்கு முதன்முதலில் காட்டிய செடிகளுள் அதுவும் ஒன்று.

பாரிசில் சூலியன் தூர்னுவா என்னும் இளம் தாவரவியலார் கஞ்சாவையும், அதன் குடும்பத்தைச் சேர்ந்த சப்பானிய ஆப்புக் கொடியையும் குளிர்காலத்தில் கண்ணாடி மனைக்குள் விதைத்துப் பார்த்தார். கோடையில் ஆளுயரம் வளர்ந்த பிறகே பூக்கும் செடிகள் முளைத்துச் சில இலை விடுவதற்குள் பூத்துவிட்டன. வெப்பமா, ஈரமா, ஊட்டக்குறையா என்று ஒவ்வொன்றாக ஆய்ந்து விலக்கியபின் எஞ்சியது பகலின் நீளம். நாளுக்குச் சில மணி நேரமே ஒளிபட விட்டபோது செடிகள் விரைந்து பூத்தன. 1912இலும் 1914இலும் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். பூப்பைத் தூண்டுவது பகல் குறுகுவதைவிட இரவு நீளுவதுதான் என்று அப்போதே எழுதினார். அக்கருத்தை மெய்ப்பிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோயிற்று.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து அதே உண்மை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் புகையிலை வழியாக வெளிப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு இருவரையும் 'மேரிலாந்து மாமத்து' என்ற புகையிலை வகை திணறடித்தது. வயலில் அது பூக்காமல் நெடிதுயர்ந்துகொண்டே போகும், குளிர்காலத்தில் கண்ணாடி மனைக்குள் வைத்தால் சிறு செடியாகவே பூக்கும். 1918இல் ஆர்லிங்டன் பண்ணையில் நாய்க்கூண்டு போன்ற ஓர் இருட்டறை கட்டினார்கள். தொட்டிச் செடிகளை மாலையில் அதற்குள் வைத்து மறுநாள் காலை வெளியே எடுத்தார்கள். கோடை வெயிலுக்கு நடுவிலேயே அவை பூத்தன. 1920இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை ஒளிக்காலத்துவம் என்ற துறையைத் தோற்றுவித்தது. இன்று கடையில் விற்கும் கருந்துணிக் கூடாரம் அந்த நாய்க்கூண்டின் வழித்தோன்றல் என்றால் மிகையாகாது.

அவர்கள் பகலின் நீளத்தை மாற்றினார்கள். ஆனால் பகலைக் குறைத்தால் இரவு தானே நீளும். இரண்டில் செடி எதை அளக்கிறது? இதற்கு விடை சொன்னது நம் ஊர்த் தரிசுகளிலும் குப்பைமேட்டிலும் முளைத்து வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் மருளூமத்தை. 1938இல் ஆம்னர், பானர் என்னும் இருவர் அதை வைத்துப் பகலையும் இரவையும் தனித்தனியே நீட்டியும் குறுக்கியும் பார்த்தார்கள். சுமார் எட்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருள் கிடைத்தால் செடி பூத்தது. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கினால் அது பொருட்படுத்தவில்லை. நெடிய இரவின் நடுவே ஒரு நிமிடம் விளக்கேற்றி அணைத்தாலோ பூக்கவே இல்லை. இரவு உடைந்துவிட்டது என்பது அதன் கணக்கு. 'குறும்பகல் செடி' என்ற பெயர் அதற்குள் நிலைத்துவிட்டதால் இன்றும் அப்படியே வழங்குகிறோம். 'நெட்டிரவுச் செடி' என்பதே பொருந்தும்.

இருளை எண்ணும் உறுப்பு எது? இலையில் மிகச் சிற்றளவில் உள்ள ஒரு நீலநிற நிறமிதான் ஒளியின் வரவையும் மறைவையும் அறிவிக்கிறது. பைட்டோகுரோம் எனப் பெயரிடப்பட்ட அதனை அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்சுவில் ஆய்வகத்தார் 1950களில், முதலில் லெட்டூசுக் கீரை விதைகளின் முளைப்பை வைத்து, ஊகித்து அறிந்தனர். 1959இல் கருவியால் கண்டனர். அந்த நிறமிக்கு இரு வடிவங்கள் உண்டு. 660 நானோமீட்டர் அலைநீளச் செவ்வொளி பட்டால் ஒரு வடிவம் மற்றொன்றாகும்; 730 நானோமீட்டர் தொலைசிவப்பு பட்டால் பழைய வடிவுக்கே மீளும்; இருளிலும் மெல்ல மீளும். இந்த மீட்சியே நாழிகைவட்டில்போல் இரவை அளக்கிறது என்று முதலில் கருதினார்கள். அது அவ்வளவு எளிதன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணிநேரச் சுழற்சியில் ஓடும் உள்கடிகாரம் ஒன்று உண்டு; நிறமி தரும் ஒளிச்செய்தியைச் செடி அக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பருவம் அறிகிறது. செய்தி கிடைப்பது இலைக்கு, பூப்பதோ நுனிக்குருத்து. இலையில் உருவாகி நுனிக்குப் பயணம் செய்யும் ஏதோவொன்று இருக்க வேண்டும் என்று உருசிய அறிஞர் சைலாக்கியான் 1930களில் முன்மொழிந்தார். அது ஒரு சிறு புரதம் என்று உறுதிப்பட எழுபது ஆண்டுகள் ஆயின.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. உள்ளறைத் தோட்டத்துக்குப் பொருள் வாங்கப் போகிறவர் கண் விளக்கின்மீதே நிலைக்கிறது. கஞ்சா போன்ற நெட்டிரவுச் செடிக்கு விளக்குக்கு நிகராக இருளையும் வாங்க வேண்டும். பூக்கும் பருவத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேர இடையறா இருள் என்பது அதை வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுமுறை. கூடாரத்தின் இழுப்புப்பட்டியில் ஊசித்துளை, காற்றுக்குழாய் நுழையும் வாயில், மின்கருவிகளில் ஓயாமல் எரியும் சிறு சிவப்புப்பொட்டு என இருள் பல வழியாகக் கசியும். பகல் வேளையில் கூடாரத்துக்குள் நுழைந்து விளக்கை அணைத்து, கண் இருளுக்குப் பழகச் சில நிமிடம் நின்று பார்ப்பதே செலவில்லாத ஆய்வு. பச்சை விளக்கைச் செடி காணாது என்று ஒரு நம்பிக்கை இவர்களிடையே உலவுகிறது. நிறமி பச்சையையும் சிறிது உட்கொள்ளும். ஆகவே மங்கலாகவும் சுருக்கமாகவும் இருந்தால் கேடில்லை என்று சொல்லலாமே அன்றி, காணாது என்று சொல்ல முடியாது.

இரவை உடைக்கும் வித்தையை நேர்மாறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஓசூர்ப் பக்கம் இரவில் பயணம் செய்தால் சாமந்தி வயல்களில் வரிசைவரிசையாக விளக்கெரிவதைக் காணலாம். சாமந்தியும் நெட்டிரவுச் செடியே. காம்பு நீளும்வரை பூவைத் தள்ளிப்போடவும், விழாக்காலத்துக்கு அறுவடையைப் பொருத்தவும் உழவர்கள் இரவை உடைக்கிறார்கள். தூர்னுவாவின் பெயரைக் கேள்விப்படாமலே அவர் கண்ட உண்மையால் அவர்கள் பிழைக்கிறார்கள்.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நெடிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம். டொராண்டோவில் ஆறரை மணி நேரம். அங்கே ஆனி மாதப் பகல் பதினைந்தரை மணியை எட்டும். அதனால் வெளியே நட்ட கஞ்சாச் செடி ஆகத்து மாதம் இரவு போதிய அளவு நீண்ட பிறகே மொட்டுவிடும். முதிர்வதற்குள் உறைபனி வந்துவிடுமோ என்ற அச்சம் வளர்ப்பவர்க்கு. உருசியாவின் தென்கிழக்குப் புல்வெளிகளில் தானாக வளரும் ஒரு குறுங்கஞ்சா இந்த அச்சத்தை வேறு வகையில் தீர்த்துக்கொண்டது. 1924இல் யனிசெவ்சுகி என்பவர் விவரித்த அவ்வினம் இரவை எண்ணுவதையே கைவிட்டது. முளைத்துச் சில கிழமைகளில் அகவை பார்த்துப் பூக்கிறது. அதைக் கலந்து உருவாக்கிய விதைகளை இன்று 'ஆட்டோ' என்ற பெயரில் விற்கிறார்கள். அவற்றை வாங்கியவர்க்கு இருட்டறை தேவையில்லை. விதையைத் தேர்ந்த பிறகே தளவாடத்தைத் தேர வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இனி விளக்கு. இந்தச் சந்தையில் மிகுதியாகப் பொய் பேசுவது விளக்கின் அட்டைப்பெட்டிதான். '1000 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். மின்கம்பியில் அளந்தால் நூற்றுச்சொச்சம் வாட்டே இழுக்கும். பழைய விளக்கு ஒன்றுக்கு 'இணையானது' என்பது சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். அதைவிட நுட்பமான பிழை லூமென் என்ற அளவை. லூமென் மாந்தக் கண்ணுக்காக வகுத்தது. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில் கூர்மையாகவும் சிவப்பிலும் நீலத்திலும் மழுங்கியும் பார்க்கும். ஒளிச்சேர்க்கைக்கு அந்த ஓரவஞ்சனை இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர்வரை எந்த ஒளித்துகளும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே. எத்தனை துகள் விழுகின்றன என்பதே கணக்கு.

துகள்கள் பெருந்தொகை ஆதலால் மோல் என்ற மொத்த அளவால் எண்ணுகிறோம். 602க்குப் பின் 21 சுழிகள் இட்டால் ஒரு மோல். அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். உச்சிவேளைக் கதிரவன் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்களைக் கொட்டுகிறான். நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் வரவேற்பறை பத்துப் பதினைந்தைத் தாண்டுவது அரிது. கண் தன் பாவையைச் சுருக்கியும் விரித்தும் இவ்விரண்டையும் ஒன்றுபோல் காட்டிவிடுகிறது. கறிவேப்பிலை மார்கழியில் மெலிவதற்கு இதுவே விடை. குளிர் அன்று, பசிதான் அதற்குக் கேடு.

செடி எந்த நிறத்தை விரும்பும் என்பதில் ஒரு பழங்கதை உண்டு. இலை பச்சையாகத் தெரிவதால் பச்சையைத் தள்ளிவிடுகிறது, சிவப்பும் நீலமும் போதும் என்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த எல்இடி விளக்குகள் ஊதாப்பூ நிறத்தில் எரிந்ததற்கு இக்கதையும் ஒரு காரணம். டெக்சாசில் மெக்கிரீ என்பவர் 22 பயிர்களின் இலைகளை நிறம்நிறமாக அளந்து 1972இல் வெளியிட்ட வரைகோடு வேறு சொல்லிற்று. செவ்வொளி முதலிடம் பெற்றது உண்மை. பச்சையும் அவ்வளவு பின்தங்கவில்லை. இலை தன்மேல் விழும் பச்சையில் பெரும்பகுதியை உட்கொள்கிறது. எஞ்சிய சிறுபங்கே நம் கண்ணுக்கு வருகிறது. அதிலும் பச்சை இலைக்குள் ஆழமாக ஊடுருவிக் கீழடுக்குகளுக்கும் உணவளிக்கிறது. இன்றைய நல்ல விளக்குகள் வெண்ணிறமாக எரிவது இதனால்தான். அந்த வெண்மைக்கு அடித்தளமான நீல எல்இடியை உருவாக்கிய அகசாக்கி, அமானோ, நாக்கமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். வீட்டுக்குள் வளர்ப்போரின் நன்றிக்கும் அவர்கள் உரியவர்களே.

ஆகவே பெட்டியில் தேட வேண்டிய எண்கள் இரண்டு: உண்மையில் இழுக்கும் மின்திறன், ஒரு சூல் (ஜூல்) ஆற்றலுக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள். பழைய சோடிய விளக்குகளில் தேர்ந்தவை இரண்டை ஒட்டி நின்றன. நல்ல எல்இடி இரண்டரையைக் கடந்து, சிறந்தவை மூன்றையும் தாண்டிவிட்டன. 240 வாட் விளக்கு, சூலுக்கு 2.5 என்று கொள்வோம். நொடிக்கு 600 மைக்ரோமோல் வெளிப்படும். நாலடிக்கு நாலடிக் கூடாரம் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். ஒளி சிறிதும் வீணாகாவிட்டால் சதுர மீட்டருக்கு 400 விழும். உச்சிவெயிலில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கதிரவன் உச்சியில் சிறிது நேரமே நிற்பான். விளக்கோ பன்னிரண்டு மணியும் அதே அளவில் நின்றெரியும். நாள் முழுதும் கூட்டினால் பதினேழு மோலை நெருங்கும். டொராண்டோவின் மார்கழி வானம் திறந்தவெளியிலேயே பத்து மோலுக்கும் குறைவாகத்தான் தருகிறது. எந்தப் பெயர் பொறித்த விளக்கு என்ற கேள்வியைவிட இந்தச் சிறு பெருக்கல் வணிகனிடமிருந்து நம்மைக் காக்கும். கறிவேப்பிலைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் சாதாரண வெண்ணிற எல்இடி இரண்டைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டாலே பனிக்காலத்தைக் கடந்துவிடும்.

விளக்குக்குள் சென்ற மின்சாரம் ஒளியாக எவ்வளவு வந்தாலும் கடைசியில் அத்தனையும் வெப்பமாகவே முடியும். இலை சேமிப்பது மிகச் சிறுபங்கு. கதிரவ ஆற்றலில் நெல், கோதுமை வகைச் செடிகள் எட்டக்கூடிய கோட்பாட்டு உச்சமே 4.6 விழுக்காடுதான்; வயலில் கிடைப்பது அதனினும் மிகக் குறைவு. எஞ்சிய வெப்பத்தை அறையிலிருந்து அகற்றக் காற்றாடி, பிறகு குளிர்ப்பி, அவற்றுக்கும் மின்சாரம் என்று கணக்கு நீளும். கனடா வீடுகளின் வழக்கமான மின்சுற்று 120 வோல்ட், 15 ஆம்பியர். 1800 வாட் தாங்கும். தொடர்ந்து எரியும் சுமைக்கு அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 1440 வாட் மட்டுமே பாதுகாப்பான எல்லை. இதை மறந்து நீட்டுக்கம்பியில் எல்லாவற்றையும் செருகுவோர் தீயோடு விளையாடுகிறார்கள்.

வணிக அளவில் இதன் விலை நினைக்கவே கூசச் செய்கிறது. அமெரிக்காவில் உள்ளறைக் கஞ்சா வளர்ப்பு நாட்டின் மொத்த மின்சாரத்தில் ஒரு விழுக்காட்டை விழுங்குகிறது என்று எவான் மில்சு 2012இல் மதிப்பிட்டார். கொலராடோ ஆய்வாளர்கள் 2021இல் செய்த கணக்குப்படி, ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு இடத்தைப் பொறுத்து 2283 முதல் 5184 கிலோவரை கரியமில வளிக்கு நிகரான பசுங்குடில் வளிகள் வெளியாகின்றன. அதில் பெரும்பங்கு விளக்குக்குக்கூட அன்று, காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஈரம் நீக்கவும் ஆன செலவு. களவுத்தொழிலாக இருந்த காலத்தில் மறைவுக்காகக் கூரைக்குள் புகுந்த பயிர், சட்டம் வாயிலைத் திறந்துவிட்ட பிறகும் வெளியே வர மனமில்லாமல் இருப்பதை என்னென்பது!

ஈரம் நீக்குவது ஏன் இவ்வளவு பெரிய வேலை? வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகவே வெளியேறுகிறது. நாள்தோறும் தொட்டிக்கு எத்தனை குவளை நீர் ஊற்றினோமோ ஏறத்தாழ அத்தனையும் அறைக்காற்றில் கலக்கும். வெளியே பனி; உள்ளே ஈரக்காற்று; குளிர்ந்த சுவரில் அது நீராகப் படியும். பின்னர் சுவரில் பூசணமும் பூவில் சாம்பற்பூசணமும் தோன்றும். அடர்ந்த பூங்கொத்தின் நடுவே அழுகல் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே வெளியேற்றும் காற்றாடியை விளக்குக்கு அடுத்த பொருளாக அன்று, விளக்கோடு இணைந்த பொருளாகவே கொள்ள வேண்டும்.

வெளியேறும் காற்றில் மணமும் போகும். பெண்பூவின் மேல் மிக நுண்ணிய சுரப்பித் தூவிகள் செறிந்திருக்கும். 1964இல் மெச்சூலமும் கவோனியும் இசுரேலில் பிரித்துக் காட்டிய போதைப்பொருளின் மூலமும் மணப்பொருள்களும் அங்கேதான் ஊறுகின்றன. அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் சார்ந்த சில சேர்மங்கள் என்று 2021இல்தான் தெளிவாயிற்று. அவற்றுள் தலையாயது, வெயில் பட்டுக் கெட்ட பீரில் வீசும் அதே பொருள். பீருக்குக் கசப்பூட்டும் ஆப்பும் கஞ்சாவும் ஒரே குடும்பம் என்பதை எண்ணினால் இந்த ஒற்றுமை சுவையானது. அண்டை வீட்டார்க்கு இந்தச் சுவை புரியாது. அவர்களுக்காகவே கரிவடிகட்டி. கிளர்வுற்ற கரி ஒரு கிராமின் உள்துளைப் பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவில் இருக்கும். மணத் துகள்கள் அத்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். நுண்துளை மிகுந்த கரிக்குத் தேங்காய்ச் சிரட்டை பெயர்பெற்றது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த்தொட்டி என்று சொல்லிச் சுட்டெடுக்கும் கரி இவ்வகைப் பொருள்களின் மூலமாகிறது.

தேங்காயின் பயணம் சிரட்டையோடு முடியவில்லை. வேர் நிற்கும் இடத்துக்கு வருவோம். மண் செடிக்கு உணவன்று என்பது பழைய முடிவு. 1860களில் செருமனியில் சாக்சும் நாப்பும் வெறும் நீரில் சில உப்புகளைக் கரைத்துச் செடியை முழுமையாக வளர்த்துக் காட்டினர். கலிபோர்னியாவின் கெரிக்கு என்பவர் அதை ஆய்வகத்திலிருந்து தொட்டிக்குக் கொண்டுவந்தார். இருபத்தைந்தடி ஏறிய தக்காளிக் கொடிகளால் செய்தித்தாள்களைக் கவர்ந்து, 1937இல் 'ஐட்ரோபோனிக்சு' என்ற பெயரையும் இட்டார். பசிபிக் கடலில் மண்ணற்ற வேக்குத் தீவில் இறங்கும் வானூர்திப் பயணிகளுக்கு அம்முறையில் காய்கறி விளைந்தது. உடன் பணிபுரிந்த ஓக்லாந்தும் ஆர்னனும் 1938இல் அமைதியான ஓர் அறிக்கை வெளியிட்டு ஆரவாரத்தைத் தணித்தார்கள்: நல்ல மண்ணைவிட நீர்க்கரைசல் இயல்பாகவே மிகுதியாக விளைவிக்காது. அவர்கள் அன்று தந்த உப்புக் கணக்கு சிறு மாறுதல்களோடு இன்றும் வழங்குகிறது. வண்ணப் பெயர்கள் ஒட்டிய புட்டிகளில் பலவும் அதன் பிள்ளைகளே. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புட்டி என்று விற்பதை வணிகத் திறம் என்று பாராட்டலாம். அறிவியல் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

வேர் கேட்பது உணவு மட்டுமன்று, மூச்சும். நீருக்குள் உயிர்வளி பரவுவது காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. நாள்தோறும் அன்போடு நீர் ஊற்றித் தொட்டிச் செடியைக் கொல்வோர் உண்மையில் வேரின் கழுத்தை நெரிக்கிறார்கள். நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும் ஊடகம் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் இருந்தது பீட் என்னும் சதுப்புப் பாசிப்படிவு. அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே உருவாகும். வெட்டினால் அதில் உறங்கும் கரி காற்றில் கலக்கும். அதற்கு மாற்றாக வந்தது பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவு. தேங்காய் மட்டையில் நாரைப் பிரித்தபின் எஞ்சும் அந்தத் தூளைக் காயர் பித் என்றும் கோகோ பீட் என்றும் தொழிலில் சொல்வார்கள். லிக்னின் மிகுந்ததால் விரைவில் மட்காது. அது பண்டு குறை, இன்று நிறை. உலர்த்தி அழுத்தி ஐந்து கிலோக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். பீட்டை உலகுக்கு விற்கும் கனடாவே இதை வாங்கவும் செய்கிறது.

கட்டி வாங்குகையில் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தென்னை உப்பை விரும்பும் மரம். அதன் மட்டைத்தூளில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். நீரில் கழுவினால் கரைந்த உப்புப் போகும். தூளின் மேற்பரப்பில் மின்னூட்டத்தால் ஒட்டியது போகாது. சுண்ண நைத்திரேட்டுக் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். இதைச் செய்யாத தூளில் நட்டால், நாம் செடிக்கு ஊற்றும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூளே பறித்துக்கொள்ளும். புத்திலை சுருங்கும். உரம் போதவில்லை என்று மேலும் உரமிட்டு உப்பை ஏற்றுவோம். பொதியில் 'குறை உப்பு', 'பஃபர் செய்தது' என்று இரு வேறு குறிப்புகள் இருப்பதன் பொருள் இதுவே. விலை வேறுபாட்டின் காரணமும் இதுவே.

கழுவிய அந்நீர் எங்கே போகிறது என்ற கேள்வி டொராண்டோவில் எழாது. பொள்ளாச்சி வட்டாரத்தில் எழும். துவர்ப்புப்பொருள் கலந்த செந்நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகள் தேநீர் நிறமாக மாறுவதாக உழவர்கள் முறையிட்டார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 'வெள்ளை' வகையில் வைத்திருந்த இத்தொழிலை 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது; தொழில் நடத்துவோர் எதிர்த்தார்கள். பனிநாட்டு நிலவறையில் ஒரு செடியின் வேர் தூய்மையாக மூச்சுவிடுவதற்கான கழுவுநீர், நம் கிணற்றடியில் தங்கிவிடுகிறது.

வைகாசி பிறந்து உறைபனி அச்சம் நீங்கியதும் ஸ்கார்பரோவில் கறிவேப்பிலைத் தொட்டி மறுபடி முற்றத்துக்கு வரும். விளக்கின்கீழ் துளிர்த்த இலைகள் மெல்லியவை, நிழலுக்குப் பழகியவை. நூறு, இருநூறு மைக்ரோமோலில் வாழ்ந்தவற்றின்மேல் ஒரே நாளில் இரண்டாயிரம் கொட்டினால் பச்சையம் வெளிறி இலை பொசுங்கும். பழகிய வீட்டார் அதை முதலில் வேலியின் நிழலில் வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் காலை வெயில் மட்டும் படும் படிக்கட்டோரம். பத்தாம் நாள் முழு வெயிலில். பழைய இலை சில உதிரும். பிறகு தடித்த, மணமுள்ள புதிய இலை துளிர்க்கும். விளக்கையும் கூடாரத்தையும் மடித்து ஐப்பசிவரை கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.